வெளிநாட்டில் எம்.எஸ்.: எந்தச் செய்தி எந்தக் கெடுவைத் தொடுகிறது?

"அமெரிக்கா ஒரு லட்சம் டாலர் கேட்குதாம், இனி எம்.எஸ். கனவு அவ்வளவுதான்." "ஜெர்மனியில் படிப்பே இலவசம்." "பிரான்ஸ் ஐந்து வருட விசா தருதாம்." எம்.எஸ். என்பது வெளிநாட்டில் படிக்கும் முதுநிலை (மாஸ்டர்ஸ்) பட்டம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பொறியியல் கடைசி ஆண்டுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த மூன்றும் அடிக்கடி அடிபடுகின்றன. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன மறுபாதியில்தான் பல லட்ச ரூபாய் அடங்கியிருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கெடுக்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவது.

1. படிப்புக் கெடு: மாணவர் விசாவில் அந்த நாட்டில் தங்கிப் படிக்கும் காலம்.
2. வேலைக் கெடு: படிப்பு முடிந்ததும் வேலை தேடவோ பார்க்கவோ அந்த நாடு தரும் காலம்.
3. கடன் கெடு: இங்கே வங்கியில் மாதத் தவணை தொடங்கும் நாள்.

முதல் இரண்டையும் அந்த நாட்டு அரசு தீர்மானிக்கிறது. மூன்றாவது, மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ இருக்கிற வங்கிக் கிளையில் அப்பா போட்ட கையெழுத்தோடு வருகிறது. தலைப்புச் செய்திகளில் பெரும்பாலானவை இரண்டாவது கெடுவைப் பற்றியவை. வீட்டில் அதை முதல் கெடுவாகக் கேட்டுப் பயப்படுகிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

முதலில்: எந்தப் பட்டம், யார் பணம்?

கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் போன்றவற்றில் எம்.எஸ். என்பது பெரும்பாலும் நாம் பணம் கட்டிப் படிக்கிற படிப்பு. பல்கலைக்கழகங்களுக்கு அது வருமானமும்கூட. பிஎச்.டி. அப்படியல்ல. அமெரிக்காவில் அறிவியல், கணினித் துறைகளில் பிஎச்.டி. சேர்பவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாதம் ஒரு தொகையும் தருவார்கள். அதற்கு எம்.எஸ். முடித்திருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. நான்கு வருட பி.டெக். முடித்தோ, எம்.எஸ்சி. முடித்தோ நேராக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் பிஎச்.டி. இடங்கள் பல, ஒப்பந்தத்தோடு கூடிய சம்பள வேலைகள்.

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்கிறவர்களுக்கு இது முக்கியம். கணினிப் படிப்பு படித்தவர்தான் வெளிநாடு போக முடியும் என்று நினைத்துக் கடன் வாங்கித் துறை மாறுகிறவர்கள் உண்டு. உண்மையில் கடனில்லாமல் போகும் வாய்ப்பு அறிவியல் மாணவர்களுக்குத்தான் கூடுதல். அதற்குத் தேவை ஒரு நல்ல புராஜெக்ட், அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

மாஸ்டர்ஸ் படிப்புக்கே முழு உதவித்தொகை வேண்டும் என்றால் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் இருக்கிறது: மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம்வரை. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்கச் செலவு கிடையாது.

மூன்று வருட பி.எஸ்சி., பி.சி.ஏ. மட்டும் முடித்தவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளியும் கல்லூரியும் சேர்த்து 16 வருடப் படிப்பை எதிர்பார்க்கும். பிரிட்டன் மூன்று வருடப் பட்டத்தை ஏற்கும். ஜெர்மனியில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

அமெரிக்கா: ஒரு லட்சம் டாலர் யாருக்கு?

மாணவராகப் போவது எஃப்-1 விசாவில். பல்கலைக்கழகம் இடம் கொடுத்து, முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்டியதும் ஐ-20 என்ற படிவம் வரும். அதை வைத்துத்தான் விசா நேர்காணல். 2025 மே மாதக் கடைசியில் புதிய நேர்காணல் தேதிகளை நிறுத்திவைத்தார்கள். ஜூனில் மீண்டும் திறந்தபோது, விண்ணப்பிப்பவர் தன் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. படிப்புக் கெடுவை நேராகத் தொட்ட செய்தி இதுதான். ஒரு லட்சம் டாலர் செய்தி அல்ல.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் படிப்பு இருந்தால் இன்னும் 24 மாதம். மொத்தம் 36 மாதம். இதில் கவனிக்க வேண்டியவை:

1. படிப்பின் பெயரைப் பார்த்து ஸ்டெம் என்று முடிவு செய்யக் கூடாது. ஐ-20-ல் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். 11 என்று தொடங்கினால் கணினித் துறை, பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 52 என்று தொடங்கினால் அது வணிகவியல் பிரிவு; அதில் சில படிப்புகள் ஸ்டெம், பல இல்லை. 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்ற பெயரில் இரண்டு விதமும் உண்டு. சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். இரண்டு வருட வேலைக்காலம் அந்த ஆறு எண்ணில் இருக்கிறது.
2. முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்க அனுமதி மொத்தம் 90 நாள்தான். அதைத் தாண்டினால் மாணவர் நிலையே போய்விடும்.
3. கூடுதல் 24 மாதத்துக்கு, வேலை கொடுக்கும் நிறுவனம் 'இ-வெரிஃபை' என்ற அரசுச் சரிபார்ப்பு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும்.
4. ஓ.பி.டி. நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டத்தில் வந்தது அல்ல; அரசின் விதிமுறையில் நிற்பது. விதியை மாற்றுவது சட்டத்தை மாற்றுவதைவிட எளிது. 36 மாதம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். கல்வெட்டில் இருக்கிறது என்று நம்பக் கூடாது.

அடுத்த படி ஹெச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவிலேயே மாஸ்டர்ஸோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பம் அதைவிடப் பல மடங்கு வருவதால் குலுக்கல். மார்ச்சில் பதிவு, அக்டோபரில் வேலை. மூன்று வருட ஓ.பி.டி. இருப்பவருக்குக் குலுக்கலில் பெரும்பாலும் மூன்று வாய்ப்பு கிடைக்கும்.

இப்போது அந்த ஒரு லட்சம் டாலர். 2025 செப்டம்பரில் வந்த ஜனாதிபதி அறிவிப்பு அது. ஹெச்-1பி-க்கான புதிய மனுவோடு வேலை கொடுக்கும் நிறுவனம் கட்ட வேண்டிய தொகை. மாணவர் கட்டுவது அல்ல. அதுவும், அமெரிக்காவுக்குள்ளேயே இருந்துகொண்டு மாணவர் நிலையிலிருந்து ஹெச்-1பி நிலைக்கு மாறுகிறவருக்குப் பொருந்தாது என்று அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. அடி விழுவது இங்கே சென்னையில் இருந்தபடி ஹெச்-1பி-யில் போகக் காத்திருந்தவருக்கு. எம்.எஸ். முடித்து அங்கேயே இருப்பவருக்கு, ஒரு வகையில் போட்டி குறைந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். 2026 முதல் குலுக்கலில் எல்லோருக்கும் ஒரே எடை இல்லை. தொழிலுக்கும் ஊருக்கும் ஏற்ப சம்பளத்தை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். உச்ச நிலைச் சம்பளக்காரர் பெயர் குலுக்கலில் நான்கு முறை போடப்படும். கீழ்நிலைக்காரர் பெயர் ஒரே முறை. புதிதாகப் படித்து முடித்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கீழ் இரண்டு நிலைகள். ஒரு லட்சம் டாலர் அளவுக்கு இந்தச் செய்தி பரவவில்லை. கடலூர் மாணவரை அதிகம் பாதிக்கப்போவது இதுதான்.

நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பினால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகள் நீளம்.

ஜெர்மனி: இலவசம் என்றால் எவ்வளவு?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. விதிவிலக்குகளும் உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை.

கட்டணம் இல்லாவிட்டாலும், ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். பணம் எங்கும் போய்விடாது. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக நமக்கே வரும். ஆனால் விசாவுக்கு முன் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம் மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் சான்று; கட்டணம் 18,000 ரூபாய். இது இல்லாமல் விசா விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இடம் கிடைப்பது மதிப்பெண் கணக்கில் நிற்கிறது. ஜெர்மன் முறையில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. நம் சி.ஜி.பி.ஏ.-வை, அதாவது 10-க்கு எவ்வளவு என்ற மதிப்பெண் சராசரியை, மாற்றும் வழி இது (8.2 எடுத்தவர், தேர்ச்சி மதிப்பு 5 என்று வைத்துக்கொள்வோம்):

1. உச்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழிக்க: 10 − 8.2 = 1.8
2. உச்ச மதிப்பிலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பைக் கழிக்க: 10 − 5 = 5
3. முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட: 2.08

தேர்ச்சி மதிப்பு 5 என்பதற்குப் பதில் 4 என்று எடுத்தால் அதே 8.2 சி.ஜி.பி.ஏ. 1.9 ஆகிவிடும். ஒரு படிப்புக்கு 2.0 வரைதான் எடுப்போம் என்றால், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்னவென்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கடிதம் வாங்குங்கள். அங்கே ஒரு கடிதத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கல்லூரியில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

மதிப்பெண் மட்டும் போதாது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், டிஸ்க்ரீட் மேத்ஸ், ஆல்கரிதம் என்று பாடவாரியாகக் கிரெடிட் எண்ணுவார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி. வேலையில் இருப்பவர் அமெரிக்காவில் கணினி எம்.எஸ்.-க்கு இடம் பிடித்துவிடலாம். ஜெர்மனியில் பெரும்பாலும் இங்கேதான் விழுவார்.

வேலைக் கெடு: படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம். தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்து மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் நிரந்தரத் தங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி கேட்பார்கள். பி1 என்ற இடைநிலை அளவாவது இல்லாமல் போவது, 18 மாதத்தில் பாதியை மொழி வகுப்பில் கழிப்பதில்தான் முடியும்.

பிரான்ஸ்: புதுச்சேரிக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி

ஐந்து வருட விசா என்பது, பிரான்சில் மாஸ்டர்ஸ் முடித்த இந்தியர்களுக்கான குறுகிய காலப் பயண விசா. ஐந்து வருடத்துக்குள் வந்து வந்து போகலாம். வேலை பார்க்கும் உரிமை அதில் இல்லை. 2023-ல் அறிவிப்பு வந்தபோது சில செய்திகள் அதை வேலை விசா என்றே எழுதிவிட்டன. படிப்புக்குப் பின் வேலை தேடும் அனுமதி தனி.

அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கு மாஸ்டர்ஸ் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 3,900 யூரோ. ஐரோப்பியருக்குச் சுமார் 250. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாணவர் பெயரிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் விசாவும் வேண்டாம், கட்டணமும் அந்த 250 தான். தாத்தாவுக்கு இருந்தது என்பது போதாது. பெற்றோர் வழியாக முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் காகிதம் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் அமெரிக்கக் கடனுக்கு ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல.

மற்ற மூன்று நாடுகள்

1. பிரிட்டன்: மாஸ்டர்ஸ் ஒரே வருடம். படித்தபின் இரண்டு வருடம் தங்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். மருத்துவச் சேவைக்காக வருடத்துக்கு 776 பவுண்ட் முன்கூட்டியே கட்ட வேண்டும்.
2. கனடா: 2024-ல் வந்த மாணவர் உச்சவரம்பிலிருந்து, அரசு நிறுவனங்களில் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. சேர்பவர்களுக்கு 2026 ஜனவரி முதல் விலக்கு. மாஸ்டர்ஸ் முடித்தால் மூன்று வருட வேலை அனுமதி கிடைக்க வழி உண்டு. தனியாகப் போகிறவர் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும்.
3. ஆஸ்திரேலியா: மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது.

கடன்: எல்லாம் வந்து நிற்கும் இடம்

வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சம்வரை சொத்துப் பிணை இல்லாமல் தரும். அமெரிக்க எம்.எஸ்.-க்கு அது ஒரு செமஸ்டருக்குக்கூடக் காணாது. அதற்கு மேல் சொத்து கேட்கும். அல்லது, சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பிணையில்லாக் கடன். தனியார் நிதி நிறுவனங்கள் சொத்து கேட்காமல் தரும், வட்டியைக் கூட்டி.

சொத்து என்றதும் பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் முந்திரித் தோப்பைக் காட்டும். வங்கி தலையாட்டாது. காரணம் கிளை மேலாளரின் மனசு அல்ல. வாராக்கடனுக்காக வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. எடுத்து விற்க முடியாத நிலத்தை வங்கி பிணையாக விரும்புவதில்லை. ஐந்து ஏக்கர் தோப்பு செய்யாததைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மாடி வீடு செய்துவிடும்.

வீடு இருந்தாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது. வங்கியின் வழக்கறிஞர் இவற்றைப் பார்த்துக் கருத்து எழுதுவார். மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளப்பார். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, சித்தப்பா கையெழுத்து வேண்டும் என்று இங்கே மாதக்கணக்கில் இழுக்கும். ஐ-20 வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது கணக்கு. செமஸ்டருக்கு 10 லட்சம் வீதம் 40 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம், படிப்பு இரண்டு வருடம், அதன்பின் ஆறு மாத அவகாசம் என்று வைத்துக்கொள்வோம்.

1. அவகாசக் காலம் முடியும்போது சேர்ந்திருக்கும் தனிவட்டி: 7.35 லட்சம். கடன் 47.35 லட்சம்.
2. பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 63,900 ரூபாய்.
3. பதினைந்து வருடம் என்றால் ஏறக்குறைய 52,300.

அமெரிக்காவில் கணினி வேலை கிடைத்தவருக்கு இது பெரிய தொகை இல்லை. இறுக்கிப் பிடித்தால் மூன்று, நான்கு வருடத்தில் அடைத்துவிடலாம். ஹெச்-1பி குலுக்கலில் பெயர் விழாமல் 36 மாதம் முடிந்து திரும்பினால்கூட, கடனில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அப்படியானால் உண்மையான ஆபத்து ஹெச்-1பி அல்ல. ஓ.பி.டி.-யின் முதல் 90 நாளில் வேலை கிடைக்காமல் போவது. அப்போது ஊர் திரும்பினால் தவணை மட்டும் 63,900-ஆகவே நிற்கும். சென்னையில் புதியவருக்குக் கிடைக்கும் சம்பளம் அதற்கு எட்டாது. இணைக் கடன்தாரர் அப்பா. அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து அடிவாங்கும்.

நாடுகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: வேலை கிடைக்காமல் திரும்பினால் இங்கே வாங்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா? ஜெர்மனிக்கு 15 லட்சம் கடன் என்றால் முடியும். 40 லட்சம் என்றால், அப்பாவின் நெய்வேலிச் சம்பளமோ ஓய்வூதியமோ இருக்கிற வீட்டில் சமாளிக்கலாம். அது இல்லாத வீட்டில் முடியாது.

உதவித் திட்டங்களிலும் ஒரு குழப்பம் உண்டு. 2024-ல் மத்திய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி, இந்தியாவுக்குள் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் படிக்கத்தான். வித்யாலட்சுமி என்ற பழைய இணையதளம் வேறு. அதன் வழியாக வெளிநாட்டுப் படிப்புக்கும் கடன் விண்ணப்பம் போடலாம். வெளிநாட்டுக்கென்றே இருப்பது தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை: வருடத்துக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தனியாகத் தருகிறது. இவற்றை எந்தக் கன்சல்டன்சியும் முதலில் சொல்லாது.

கன்சல்டன்சி சொல்வதை எப்படிக் கேட்பது

ஆலோசனை இலவசம் என்று பலகை வைத்திருப்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகம் தரும் கமிஷனிலிருந்து. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த முறை பரவலாக இருக்கிறது. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் தராது. ஜெர்மனி கேட்டுப் போனவரை வேறு நாட்டுக்கோ, பெர்லினில் உள்ள தனியார் கல்லூரிக்கோ திருப்பிவிடுவதன் காரணம் புரிந்திருக்கும். அதற்காக எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று இல்லை. படிவம் நிரப்ப உதவி வாங்கலாம். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர்களிடம் விட வேண்டாம்.

பணம் அனுப்பும்போது

1. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தைப் படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி ஒரு பகுதியை டி.சி.எஸ். என்று வரியாகப் பிடிக்கும். வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் பிடிக்காது. பிடித்த தொகை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை கையில் இருக்காது.
2. கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருடம்வரை, உச்சவரம்பு இல்லாமல் வரிக்கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். கழிவு, கடனை எடுத்தவருக்கு. கடன் பையன் பெயரில் மட்டும் இருந்து அப்பா தவணை கட்டினால் அப்பாவுக்குக் கழிவு கிடைக்காது. கையெழுத்துப் போடும் நாளிலேயே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.
3. படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் சில வங்கிகள் ஒரு சதவீதம்வரை வட்டியில் குறைக்கும். முதல் செமஸ்டரில் 10 லட்சத்துக்கு வட்டி மாதம் 8,750 ரூபாய். நான்காவது செமஸ்டரில் அது 35,000 ஆகிவிடும். முழுதாகக் கட்ட முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டலாம். ஆனால் சலுகைக்கு முழு வட்டியும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்; கடன் ஒப்புதல் கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.